போடிமெட்டு மேகத்துக்குள் நான்கு விளக்குகள்!

"தம்பி, அந்த வெளிச்சத்துல நமக்கும் வழி தெரியல, எதிர்ல வந்தவங்களுக்கும் தெரியல. அப்புறம் யாருக்குய்யா அது எரியுது?"

ஜீப்பின் முன் சீட்டில் இருந்த பெரியம்மா கேட்ட கேள்வி இது. ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தவருக்கு அப்போது பதில் சொல்ல வாய் வரவில்லை. கை நடுங்கிக்கொண்டிருந்தது.

தேனி மாவட்டம் போடியில் விடிகாலையில் நின்று பார்த்தால் இந்த ஜீப்புகளைப் பார்க்கலாம். தூக்குவாளியும் தலைத்துண்டுமாகப் பெண்கள் ஏறி உட்கார, வரிசையாக முந்தல் பக்கம் கிளம்பும். முந்தலில் மலை தொடங்கும். பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. அதைத் தாண்டினால் கேரளம், இடுக்கி மாவட்டத்து ஏலக்காய்த் தோட்டங்கள். காலையில் போய் காய் எடுத்துவிட்டு, சாயங்காலம் அதே ஜீப்பில் வீடு திரும்புவார்கள். அந்த ஜீப்புகளில் ஒன்றை இருபத்தைந்து வருடமாக ஓட்டுகிறார் அவர். வண்டியும் பழசு. ஃபோர் வீல் கியர் போட்டால் எந்தச் சேற்றிலும் ஏறும். ஆனால் ஹெட்லைட் மட்டும் மெழுகுவத்தி மாதிரி.

தார் ரோட்டில் அது பெரிய குறையாகத் தெரியாது. பூப்பாறை தாண்டித் தோட்டத்துக்குள் இறங்கும் மண்பாதைதான் சிக்கல். ஏலச்செடி நிழலில் வளர்வது. மேலே பெரிய மரங்கள் மூடியிருக்க, வெளியில் வெயில் இருக்கும்போதே உள்ளே இருட்டிவிடும். பாறை, வேர், மழை அறுத்த பள்ளம்... எல்லாவற்றையும் பழக்கத்தில்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்.

மகனுக்கு அது பொறுக்கவில்லை. தேனியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளம் வாங்கியவன், தீபாவளிக்கு அப்பாவுக்கு வேட்டி சட்டையோடு இன்னொன்றும் வாங்கி வந்தான். எல்.இ.டி பார் லைட். ஒன்றரை முழ நீளம். அட்டையில் '180 வாட்' என்று பெரிதாகப் போட்டிருந்தது. அவனே ஜீப்பின் தலைக்கு மேலே மாட்டி, ஹெட்லைட் வயரில் இருந்தே இன்னொரு வயரை முறுக்கி எடுத்து, டேப் சுற்றிக் கொடுத்தான். இரவில் தெருவில் வைத்துப் போட்டுக் காட்டியபோது கடைசி வீடு வரை பகல் மாதிரி ஆனது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் கை தட்டினார்கள். அவருக்கும் பெருமைதான்.

கார்த்திகை மாதம் ஒரு நாள். தோட்டத்தில் எடை போட நேரமாகிவிட்டது. ஜீப் மெட்டுக்கு வரும்போது மணி ஆறரை தாண்டியிருந்தது. மேகம் ரோட்டில் இறங்கி நின்றது. மூன்றாவது வளைவு திரும்பியதும் ஹெட்லைட் போதவில்லை என்று பார் லைட்டைப் போட்டார்.

வழி தெரியவில்லை. கண்ணெதிரே வெள்ளைச் சுவர்தான் நின்றது. பானெட் தெரிந்தது, அதற்கு அப்பால் ஒன்றுமில்லை. பிரேக்கை மிதித்த அதே நேரத்தில் எதிரில் ஏதோ சரிந்து விழும் சத்தம். மேலே ஏறி வந்த ஒரு பைக். வெளிச்சம் கண்ணில் அடித்ததும் ஓட்டியவர் இடது பக்கம் ஒதுங்கப் பார்த்து ஓடைக்குள் சாய்ந்துவிட்டார். பின்னால் உட்கார்ந்திருந்த அவர் மனைவிக்கு முழங்கை நன்றாகச் சிராய்த்திருந்தது. ஒன்பது பெண்களும் இறங்கி ஓடினார்கள். ஒருத்தி தலைத்துண்டைக் கிழித்துக் கட்டுப் போட்டாள். அந்த இடத்தில் ஓடைக்குப் பதில் பள்ளம் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. வண்டி மறுபடி கிளம்பியபோதுதான் பெரியம்மா அந்தக் கேள்வியைக் கேட்டது.

வீட்டில் அவர் மகனை ஒரு வார்த்தை திட்டவில்லை. மறுநாள் காலை பார் லைட்டைக் கழற்றித் திண்ணையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். மகன் எழுந்து பார்த்தான். பக்கத்திலேயே அந்த வயரும் கிடந்தது. டேப் சுற்றிய இடம் உருகிக் கருத்திருந்தது. அவன் அன்று வேலைக்குப் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் போடியில் பழைய வயரிங் கடைக்குப் போனார்கள். நாற்பது வருடமாக ஜீப், லாரி வயரிங் பார்ப்பவர் அங்கே இருக்கிறார். எல்லாருக்கும் 'மாமா'தான்.

"முதல்ல லைட்டு வாங்காத மாப்ள. இருக்கிற லைட்டுக்கு என்ன வியாதின்னு பாரு" என்றார் மாமா.

இன்ஜினை ஓடவிட்டு பேட்டரியில் மீட்டர் வைத்தார். 13.8 வோல்ட். அதே மீட்டரை ஹெட்லைட் பல்பில் வைத்தார். 12.2 வோல்ட். பேட்டரியில் கிளம்பிய கரன்ட், பழைய சுவிட்சிலும் மெல்லிய வயரிலும் துரு ஏறிய எர்த்திலும் சிதறிப்போய் மிச்சம்தான் பல்புக்குப் போய்ச் சேருகிறது. ஹாலோஜன் பல்புக்கு வோல்ட் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் கிட்டத்தட்ட முப்பது சதவீதம் குறையும். அந்தக் கணக்குப்படி மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் வழியிலேயே தொலைந்துகொண்டிருந்தது. மங்கிய ரிஃப்ளெக்டர் வேறு.

அடுத்து பார் லைட்டை பேட்டரியில் கொடுத்து கிளாம்ப் மீட்டர் வைத்தார். 4 ஆம்பியர். "180 வாட்டுன்னா 13 ஆம்பியருக்கு மேல இழுக்கணும். இது இழுக்கிறது ஐம்பத்துச் சொச்சம் வாட்டு. மிச்சமெல்லாம் அட்டையிலதான் எரியுது!"

"அப்ப அன்னைக்கு அவ்வளவு வெளிச்சம் எப்படி மாமா அடிச்சுச்சு?"

"பரவலா அடிச்சுச்சு. மேல, கீழ, ஆகாசம், மரம்னு எல்லா இடத்துக்கும். மேகத்துல அதுதான் வினை."

அவர் சொன்ன விளக்கம் எளிமையானது. மூடுபனி என்பது காற்றில் மிதக்கும் நீர்த்துளிகள். விளக்கு அடித்தால் ஒவ்வொரு துளியும் கொஞ்சம் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். விளக்கு ஓட்டுநரின் கண்ணுக்குப் பக்கத்தில், தலைக்கு மேலே இருந்தால் திரும்பி வருவதெல்லாம் நேராக அவர் கண்ணுக்கே வரும். அதனால்தான் வெள்ளைச் சுவர். அதே விளக்கு பம்பருக்குக் கீழே இருந்து, மேல் விளிம்பு கத்தியால் வெட்டியது போல நின்று, அகலமாகத் தரையை மட்டும் தடவினால் பார்வை போகிற பாதையில் வெளிச்சம் குறுக்கே வராது. ரோட்டின் ஓரமும் வெள்ளைக்கோடும் தெரியும். அதுதான் ஃபாக் லைட். தூரம் காட்டுவது அதன் வேலை இல்லை.

தூரம் காட்டுவது டிரைவிங் லைட். குறுகலாக, நீளமாக அடிக்கும். மேகமில்லாத இருட்டுக்கு, எதிரில் வண்டி வராத காட்டுப்பாதைக்கு. ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது.

"மஞ்சள் லைட்டு மேகத்தைக் கிழிச்சிட்டுப் போகும்னு சொல்றாங்களே?" என்றான் மகன்.

மாமா சிரித்தார். "கிழிக்காது. அந்தத் துளிக்கு மஞ்சளும் ஒண்ணுதான், வெள்ளையும் ஒண்ணுதான். ஆனா நீலம் கலந்த வெள்ளை கண்ணைக் கூசும். மஞ்சள்ல அந்த நீலம் இல்ல. கண்ணு சோராது." பிரான்ஸ் நாட்டில் 1936-ல் இருந்து 1993 வரை கார்களுக்கு மஞ்சள் ஹெட்லைட்தான் சட்டம். கூச்சம் குறையும் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

பட்டியல் முடிவானது. ஹெட்லைட்டுக்குப் புது ரிஃப்ளெக்டர், ரிலே. பம்பருக்குக் கீழே இரண்டு மஞ்சள் ஃபாக் லைட். பம்பர் மேல் இரண்டு 55 வாட் டிரைவிங் லைட். ஓடையில் இறங்கி ஏறும் வண்டி என்பதால் ஐ.பி. 67 முத்திரை உள்ளதாகப் பார்த்து எடுத்தார்கள். முதல் எண் 6 என்றால் தூசி புகாது. இரண்டாவது எண் 7 என்றால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும்.

முன்னால் பெரிய இரும்புக் கம்பி மாட்டி அதில் விளக்கு வைக்கலாமே என்று மகன் கேட்டான். மாமா ஒப்பவில்லை. அந்த மாதிரி கிராஷ் கார்டு கூடாது என்று மத்திய அரசு 2017-லேயே சொல்லிவிட்டது. வண்டியோடு வந்த பம்பரிலேயே தடித்த பட்டை வைத்து, லாக் நட் போட்டு இறுக்கினார். பட்டை மெல்லிசாக இருந்தால் கல் பாதையில் வெளிச்சம் ஆடும், கண் வலிக்கும்.

வயரிங்கை மகனையே செய்ய வைத்தார் மாமா. இரண்டு 55 வாட் சேர்ந்தால் 110 வாட். 12 வோல்ட்டுக்கு 9 ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல். அதற்கு 15 ஆம்பியர் பியூஸ், 2.5 சதுர மில்லிமீட்டர் வயர். பியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். வழியில் எங்கே உரசி ஷார்ட் ஆனாலும் வயர் எரிவதற்கு முன் பியூஸ் போகும். இரும்புத் தகடு ஓட்டை வழியாக வயர் நுழையும் இடத்தில் ரப்பர் வளையம். எர்த் கொடுக்கும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு போல்ட்.

ரிலேயில் நான்கு கால்கள். 30 என்ற காலுக்கு பேட்டரியில் இருந்து பியூஸ் வழியாக வரும் வயர். 87-ல் இருந்து விளக்குக்கு. 85 எர்த். 86-க்கு வரும் வயரை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் மாமா கறாராக இருந்தார்.

"ஹைபீம் வயர்ல இருந்து சுவிட்ச் வழியா எடு. எதிர்ல வண்டி வந்து உங்கப்பா டிம் பண்ணினா, இதுவும் சேர்ந்து அணையணும். அவர் ரெண்டு சுவிட்ச் தேடக் கூடாது."

மகன் உருகிய பழைய வயரை ஒரு தடவை எடுத்துப் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தான். ஃபாக் லைட்டுக்குத் தனி ரிலே, தனி சுவிட்ச்.

எல்லாம் முடிந்து இருட்டியதும் வண்டியை ஒரு ஏலக்காய் குடோன் சுவருக்கு எதிரே சமதரையில் நிறுத்தினார்கள். சுவரில் இருந்து ஏழரை மீட்டர், டேப் வைத்து அளந்தது. ஃபாக் லைட்டின் நடு உயரத்தைச் சுவரில் சாக்பீஸால் குறித்து, அதற்கு 10 சென்டிமீட்டர் கீழே ஒரு கோடு. வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்தக் கோட்டில் நிற்க வேண்டும். மகன் திருகித் திருகி அச்சாக நிறுத்தினான்.

மாமா தலையை ஆட்டினார். "காலி வண்டிக்கு இது சரி. வண்டி காலியாவா போகுது?"

அப்பாவும் மகனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த அரை மணி நேரத்தில் தெருவில் இருந்து ஒன்பது பேரும் வந்துவிட்டார்கள். ஒருத்தி பாதி அரைத்த மாவை விட்டுவிட்டு வந்திருந்தாள். பெரியம்மா வழக்கம்போல முன் சீட்டில். எட்டுப் பேர் பின்னால் ஏறி உட்கார்ந்ததும் பின் பட்டை அமுங்கி, வண்டியின் மூக்கு தூக்கியது. சுவரில் வெளிச்சம் கோட்டைத் தாண்டி ஒரு சாண் மேலே ஏறி நின்றது.

"பாத்தியா? அந்த ஒரு சாண் எதிர்ல வர்றவன் கண்ணுக்குப் போகும்" என்றார் மாமா.

மகன் மறுபடி குனிந்து திருகினான். ஹெட்லைட்டையும் அப்படியே இறக்கினான். பின்னால் இருந்தவர்கள் "அசையாம உக்காருங்கடி, கோடு மாறிப்போகும்" என்று சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

டிரைவிங் லைட் இரண்டுக்கும் கறுப்பு மூடி போட்டே ரோட்டில் ஓட்டுகிறார் அவர். ஸ்பாட் லைட், சர்ச் லைட் மாதிரியானவற்றை வண்டியின் முன்னால் வைக்கப் பதிவு அதிகாரியின் முன் அனுமதி வேண்டும் என்கின்றன 1989-ம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகள். டிரைவிங் லைட்டையும் அந்தக் கணக்கில்தான் வைத்திருக்கிறார். எழுதிக்கொடுத்துக் கேட்டிருக்கிறார். அதுவரை தோட்டத்து கேட்டுக்குள் போன பிறகுதான் மூடி கழறும். மரத்தடி இருட்டில் பள்ளமும் பாறையும் இப்போது முன்கூட்டியே தெரிகின்றன.

மார்கழியில் மறுபடி மேகம் இறங்கியது. அதே மூன்றாவது வளைவு. ஹெட்லைட்டை டிம்மில் வைத்து மஞ்சள் விளக்கைப் போட்டார். ரோடு முழுவதும் தெரிந்துவிடவில்லை. இடது ஓரத்துக் கல்லும் நடுவில் வெள்ளைக்கோடும் பதினைந்து இருபது அடிக்குத் தெரிந்தன. இரண்டாவது கியரில் அந்த அளவுக்கு மட்டுமே ஓட்டினார். எதிரில் ஒரு பைக் வந்தது. ஓட்டியவர் கண்ணுக்குக் கை வைக்கவில்லை. தன் பக்கத்திலேயே போய்விட்டார். திரும்பிப் பார்த்தார், பெரியம்மா தூங்கிக்கொண்டிருந்தது.

அந்த பார் லைட்டை மகன் தூக்கிப் போடவில்லை. தோட்டத்தில் எடை போடும் ஷெட்டில், ஒரு பழைய பேட்டரி வைத்து, கீழே பார்த்த மாதிரி மாட்டிக் கொடுத்திருக்கிறான். இருட்டும் நேரத்தில் தராசு முள் எங்கே நிற்கிறது என்று இப்போது ஒன்பது பேரும் தாங்களே பார்த்துக்கொள்கிறார்கள். எடையும் சீக்கிரம் முடிகிறது.