கதிரையில் இருந்து பாடியவர்

2025 யூலை 5, சனிக்கிழமை இரவு. நாங்கள் நாலு பேர் காசு சேர்த்து ஒரு ரிக்கெற் எடுத்து, விடுதி அறையில் ஒரு லப்ரொப்பைச் சுற்றி இருந்தோம். பேர்மிங்ஹாமில் வில்லா பார்க் மைதானத்தில் பிளாக் சபாத்தின் கடைசிக் கச்சேரி. அங்கே மத்தியானம் தொடங்கியதை இணையத்தில் இரண்டு மணித்தியாலம் பிந்தி ஒளிபரப்பினார்கள். எங்களுக்கு அது முடிய ஞாயிறு விடியப்போகும் நேரம். பாதிக்கு முதலே இரண்டு பேர் நித்திரை. நானும் இன்னொருத்தனும்தான் மிச்சம்.

உண்மையைச் சொன்னால், இப்படியான கௌரவிப்புக் கச்சேரிகளில் எனக்குப் பெரிய விருப்பமில்லை. 2003இல் எம்ரீவி மெற்றாலிக்காவைக் கௌரவித்து நடத்திய நிகழ்ச்சியை யூரியூபில் பார்த்திருக்கிறேன். கோர்ன், லிம்ப் பிஸ்கிற், அவ்ரில் லவீன் எல்லாரும் வந்து மெற்றாலிக்காவின் பாட்டுகளைப் பாடுவார்கள். மெற்றாலிக்காக்காரர் பார்வையாளரோடு இருந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். கடைசியில் அவர்களும் ஏறி வாசிப்பார்கள்தான். ஆனால் உயிரோடு இருக்கிற ஆளை இருத்திவைத்து அவருடைய பாட்டை இன்னொருவர் பாடுவதில் எனக்கு ஏதோ இடிக்கும். அது ஏன் என்று எனக்குத் தெரியும். பிறகு சொல்கிறேன்.

வில்லா பார்க்கில் தொடக்கம் அதே மாதிரித்தான் இருந்தது. மாஸ்ரடன், ஆந்த்ராக்ஸ், கொஜிரா, ஸ்லேயர், ரூல், கன்ஸ் அன்ட் ரோசஸ், மெற்றாலிக்கா என்று ஒவ்வொரு குழுவும் தங்கள் பாட்டுகளோடு சபாத்தின் பாட்டோ ஒஸியின் பாட்டோ வாசித்துவிட்டுப் போனார்கள். ஒழுங்குபடுத்தியவர் ரொம் மொரெல்லோ. சேர்ந்த காசு பார்க்கின்சன் நோய்க்கான ஓர் அமைப்புக்கும், பேர்மிங்ஹாம் சிறுவர் வைத்தியசாலைக்கும், சிறுவர்களுக்கான ஒரு பராமரிப்பு இல்லத்துக்கும். அந்த மைதானம் இருப்பது அஸ்ரனில். ஒஸி ஒஸ்போர்ன் வளர்ந்த தெருவும் அதற்குக் கிட்டத்தான்.

மெற்றல் என்றாலே வலு, வேகம், உறுமல் என்றுதான் நினைக்கிறோம். ஆனால் அந்தச் சத்தம் ஒரு காயத்தில் இருந்து வந்தது. ரொனி அயோமிக்குப் பதினேழு வயதில் தகரத் தொழிற்சாலையில் வேலை. வேலையை விட்டு நிற்கிற கடைசி நாளில் இயந்திரம் வலது கையின் இரண்டு விரல் நுனிகளை எடுத்துவிட்டது. அவர் இடது கைப் பழக்கக்காரர். கிற்றாரின் நரம்புகளை அழுத்துவது அந்த வலது கைதான். இனி வாசிக்க ஏலாது என்று இருந்தவரிடம் தொழிற்சாலை மேலாளர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டொன்றைக் கொண்டுவந்து போட்டுக் காட்டினார். அந்த மனிதர் தீக்காயத்தில் இரண்டு விரல் செயலிழந்த பிறகும் கிற்றார் வாசித்தவர். அயோமி பிளாஸ்ரிக் போத்தலை உருக்கி விரல் நுனிக்கு மூடி செய்தார், அதன்மேல் தோல் ஒட்டினார். மெல்லிய நரம்புகளைக் கட்டினார். பிறகு விரல் நோகாமல் இருக்க நரம்புகளைத் தளர்த்திச் சுருதியையும் இறக்கினார். 1971இல் வந்த மூன்றாவது அல்பத்தில் அந்தக் கனத்தைக் கேட்கலாம். பிறகு வந்த எத்தனையோ குழுக்கள் கைவிரல் எல்லாம் ஒழுங்காக இருந்தும் சுருதியை இறக்கித்தான் வாசித்தார்கள்.

எங்களுக்கு விடியப்புறம் ஆனபோது ஒஸி வந்தார். மேடைக்குக் கீழிருந்து ஒரு கறுப்புச் சிம்மாசனம் எழும்பி வந்தது. உச்சியில் வௌவால். அதில் இருந்தவருக்கு 76 வயது. பார்க்கின்சன் நோய் இருப்பதாக 2020இல் பகிரங்கமாகச் சொன்னவர். எழும்பி நிற்கப் பார்க்கிறார், ஏலவில்லை. கண் மட்டும் பழைய ஒஸியின் கண்.

பக்கத்தில் இருந்தவன் சொன்னான்: "பாவமடா மனுசன். ஏன் உந்த நிலமையில மேடைக்குக் கொண்டு வந்தவை?"

அந்தப் "பாவம்" எனக்குப் பழக்கமான சொல்.

என் அம்மப்பாவுக்கும் இதே வருத்தம். அவர் நல்லாத் தேவாரம் பாடுவார். சொந்தக்காரர் வீட்டில் எந்த நல்ல காரியம் என்றாலும் முதல் தேவாரம் அவர்தான். முதலில் கை நடுங்கியது. பிறகு குரல் இறங்கியது. இந்த வருத்தம் குரலையும் தின்னும் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. மாமா வீட்டுக் குடிபூரலன்று அவர் வெள்ளை வேட்டி கட்டி, திருநீறு பூசி, விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் ஆயத்தமாக இருந்தார். மாமி என்னைக் கூப்பிட்டு, "பாவம், அவருக்குக் கஸ்ரம். நீ பாடு" என்றா. நான் பாடினேன். அவர் எனக்குச் சொல்லித்தந்த தேவாரம்தான். பாடும்போது திரும்பிப் பார்த்தேன். அவருடைய உதடும் அசைந்துகொண்டிருந்தது. எனக்கு ஒரு சொல் பின்னால். நான் நிற்பாட்டியிருக்கலாம். கொஞ்சம் மெதுவாகவாவது பாடியிருக்கலாம். எல்லாரும் நல்லாப் பாடினாய் என்றார்கள். அதற்குப் பிறகு ஒருத்தரும் அவரைப் பாடச் சொல்லிக் கேட்கவில்லை. போன வருடம் அவர் செத்துப்போனார்.

மாமியில் பிழை சொல்ல வரவில்லை. அவ இரக்கத்தில்தான் சொன்னா. நான்தான் பாடினேன்.

திரையில் ஒஸி தன்னுடைய ஐந்து பாட்டுகளைப் பாடினார். நாலாவது மென்மையான பாட்டு, வீட்டுக்குத் திரும்பி வருவதைப் பற்றியது. அதில் குரல் உடைந்தது. சுருதி விலகியது, சில இடங்களில் மூச்சுக் காணாது. அப்போது நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சனம் சேர்ந்து பாடியது. கமெரா காட்டிய முகங்களில் பலது அழுதுகொண்டிருந்தது. நான் கவனித்தது வேறொன்றை: அவர் பிந்தும் இடத்தில் அவர்களும் பிந்தினார்கள். அவருக்குப் பதிலாகப் பாடவில்லை, அவரோடு பாடினார்கள்.

அதற்குப் பிறகு அயோமியும் கீசர் பட்லரும் பில் வோர்டும் வந்தார்கள். நாலு பேரும் ஒன்றாக வாசித்து இருபது வருடம். 2017இல் இதே நகரத்தில் நடந்த விடைபெறும் கச்சேரியில்கூட வோர்ட் இல்லை. இப்போது 77 வயதில், சேட்டைக் கழற்றிப்போட்டுவிட்டு ட்ரம்ஸ் அடித்தார். நாலே நாலு பாட்டு. தொடங்கியது, ஏழைகளைச் சண்டைக்கு அனுப்பிவிட்டுத் தாங்கள் தப்பி இருக்கும் பெரியவர்களைத் திட்டும் அந்தப் பாட்டோடு. தாளம் அங்கங்கே தளம்பியது. ஆரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

நண்பன் கேட்டது நியாயமான கேள்விதான். ஒரு நோயாளியை மேடை ஏற்றிக் காட்சிப்பொருள் ஆக்குவதும் நடக்கும். அதில் காசும் புகழும் இருக்கும். ஆனால் இங்கே அந்த மனிதர் பாட விரும்பினார். அவரால் நிற்க ஏலாது, அதற்கு ஒரு கதிரை செய்தார்கள். குரல் காணாது, அதற்குச் சனம் இருந்தது. அயோமியின் விரலுக்குப் பிளாஸ்ரிக் மூடி மாதிரி. "பாவம்" என்று சொல்லி அவரை வீட்டில் விட்டிருந்தால் எங்களுக்குப் பார்க்கச் சங்கடம் இருந்திருக்காது. அவருக்கு என்ன இருந்திருக்கும்?

அம்மப்பா இந்தக் கச்சேரியைப் பார்த்திருந்தால் முதல் நிமிசமே "உந்தச் சத்தத்தைக் குறை" என்றுதான் சொல்லியிருப்பார். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

பதினேழு நாள் கழித்து, யூலை 22, ஒஸி செத்துப்போனார். செய்தியை எனக்கு முதலில் அனுப்பியது அன்றிரவு என்னோடு முழித்திருந்தவன்தான். கீழே ஒரு வரி எழுதியிருந்தான்: "நல்ல காலம் மச்சான், பாடிப்போட்டுப் போட்டார்."