மாமா காசு கொடுத்து வாங்கிய தட்டு

மாமா காலமான பிறகு காரைக்கால் வீட்டை ஒழிக்கும்போது ஒரு பெட்டி நிறைய ஆங்கில ராக் இசைத்தட்டுகள் கிடைத்தன. தி க்யூர், ஜாய் டிவிஷன், நியூ ஆர்டர், தி ஸ்மித்ஸ். பாரிசில் வளர்ந்த அவர் மகன் எண்பதுகளில் சேர்த்தவை. "வித்துடுப்பா" என்று போனில் சொன்ன அத்தான், நான் அனுப்பிய படங்களைப் பார்த்துவிட்டு மறுநாள் கூப்பிட்டார். "ஸ்மித்ஸ் தட்டு என்னோடது இல்ல. கடையில நான் பொறுக்கிக்கிட்டு இருந்தப்ப அப்பா தானா எடுத்தாரு, தானா காசு கொடுத்தாரு. ஏன்னு சொல்லல."

மாமா தியாகராஜ பாகவதரைத் தவிர வேறு யாரையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

தட்டின் பெயர் 'தி குயின் இஸ் டெட்'. 1986 ஜூனில் ரஃப் ட்ரேட் வெளியிட்டது. லண்டனில் ஓர் இசைத்தட்டுக் கடையாகத் தொடங்கி, பெரிய கம்பெனிகளைச் சாராமல் நின்ற நிறுவனம் அது. சென்னை வியாபாரி ஒருவர், பாட்டு முடிந்தபின் ஊசி சும்மா சுற்றும் வெற்று வளையத்தில் என்ன கீறியிருக்கிறது என்று பார்க்கச் சொன்னார். டார்ச் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் 'ஃபியர் ஆஃப் மான்செஸ்டர்' என்று பொடி எழுத்து. விலை சொல்ல அவருக்கு அது போதும். எனக்கு அதில் மாமா இல்லை.

அட்டையில் இருந்தார். பச்சைச் சாயத்தில் படுத்துக் கிடக்கும் மனிதன் பிரெஞ்சு நடிகர் அலென் தெலோன். படம் 'லின்சூமி', 1964, இயக்கம் அலென் கவாலியே. அல்ஜீரியப் போரில் பிரான்சின் அந்நியர் படையை விட்டு ஓடிப்போகும் ஒரு சிப்பாயின் கதை. அத்தையிடம் சொன்னேன். "அவர் சைகோன்ல கணக்கு எழுதினார். அப்புறம் பிரான்சுல ஆபீஸ். அல்ஜீரியாவுக்கெல்லாம் போகல" என்று பேச்சை முடித்துவிட்டார். குடும்பம் முழுக்கச் சொல்வது இதைத்தான்.

பிரெஞ்சுப் படையில் மாமாவோடு பணியாற்றிய சொல்தா, அதாவது முன்னாள் சிப்பாய், ஒருவர் அரசலாற்றுப் பக்கம் இருக்கிறார். ஜூலை 14 வந்தால் இன்றும் பதக்கங்களைக் குத்திக்கொண்டு போர் நினைவுச் சின்னத்துக்குப் போவார். அட்டையைக் காட்டியதும் முகம் மலர்ந்தது. "தெலோன்! கப்பற்படையில சேர்ந்து சைகோன்ல இருந்தவன் தம்பி." சரிபார்த்தேன், உண்மைதான். நடிகராகும் முன் தெலோன் இந்தோசீனாவில் பணியாற்றியவர். சைகோன் நினைவில் மாமா வாங்கியிருக்கிறார், விடை கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்தேன்.

ஆனால் பெரியவர் அல்ஜீரியா என்ற சொல் வரும்போதெல்லாம் காபி வேண்டுமா என்று கேட்டார், மருமகளைக் கூப்பிட்டார், பென்ஷன் கதைக்குத் தாவினார். நானும் விடாமல் போய்க்கொண்டிருந்தேன். ஒருநாள் அட்டையைத் தன் மடியில் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னார்: "நாங்க ரெண்டு பேரும் ஒரான்ல இருந்தோம். இந்தப் படத்தைச் சேர்ந்துதான் பார்த்தோம். பாதியில உங்க மாமா எழுந்து வெளியே போயிட்டாரு." அல்ஜீரியாவின் ஒரான் நகரில் என்ன நடந்தது என்று கேட்டேன். "அதைக் கேக்காதீங்க."

அன்றிலிருந்து தட்டின் பூர்வீகத்தை விட்டுவிட்டு ஒரு தேதியைப் பிடித்துக்கொண்டேன். 1954 நவம்பர் 1. காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்கிய நாள். விடுதலை நாளாக நாம் கொண்டாடுவது. அதே நாளில்தான் அல்ஜீரியாவில் பிரான்சுக்கு எதிரான ஆயுதக் கிளர்ச்சி வெடித்தது. இங்கே நாம் விடுபட்டோம். அங்கே விடுபடத் துடித்தவர்களை அடக்கப் போன படையின் சீருடையில் நம் ஊர்க்காரர்களும் இருந்தார்கள். கணக்கு எழுதினார் என்று சொல்லி அவர்களை நாம் காப்பாற்ற வேண்டியதில்லை. கேட்டு எழுதிவைக்க வேண்டும்.

மற்ற தட்டுகள் விற்றாகிவிட்டன. பென்ஷன் தாளிலிருந்த மாமாவின் படை எண்ணைக் குறிப்பிட்டு, பிரான்சின் போ நகரிலுள்ள இராணுவப் பணியாளர் ஆவணக் காப்பகத்துக்கு அத்தான் விண்ணப்பம் அனுப்பியிருக்கிறார். பதில் வருவதற்குள் அல்ஜீரியா போய்வந்த மற்ற பெரியவர்களையும் பார்த்துவிட வேண்டும். எல்லாருக்கும் தொண்ணூறை ஒட்டிய வயது.