தங்கச்சிமடத்தில் ஓர் இரவு



இராமேசுவரம் தீவுக்குச் செல்வோர் பலர். பாம்பன் பாலத்தைக் கண்டு வியந்து, கோயிலையும் கடலையும் பார்த்துவிட்டு அன்றே ஊர் திரும்பிவிடுவர். வழியிலுள்ள தங்கச்சிமடத்தில் இறங்கித் தங்குவோர் மிகச் சிலரே. நாம் 2019ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், நமது பங்கின் குடும்பங்கள் சிலவற்றோடு அங்கே ஓர் இரவு தங்கினோம். அவ்விரவில் நிகழ்ந்ததை எழுதலாமா என்று நெடுநாள் தயங்கினோம். சம்பந்தப்பட்ட இருவருமே, "எழுதுங்க சாமி, எங்களைப் போல இருக்கிறவங்க படிக்கட்டும்" என்று இசைவு தந்த பின்னரே எழுதத் துணிகிறோம். பெயரும் ஊரும் சொல்ல மாட்டோம்.

அவர்கள் கணவனும் மனைவியும். பிரிந்து மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. கணவன் வளைகுடா நாடொன்றில் வேலை செய்துகொண்டிருந்த காலத்தில், நான்கு வயது மகன் காய்ச்சலில் இறந்துபோனான். தகப்பன் அடக்கத்திற்கு வரவில்லை. தொலைபேசியில், "என்னால் வர முடியாது" என்ற ஒரே சொல்லோடு பேச்சை முடித்துக்கொண்டான். ஓராண்டுக்கும் மேல் கழிந்து அவன் ஊர் திரும்பியபோது, மனைவி மூத்த மகளோடு தாய் வீட்டில் இருந்தாள். அவன் வாசலில் வந்து நின்றான். கதவு திறக்கவில்லை. அதன்பின் அவனும் வரவில்லை.

இருவரையும் நாம் தனித்தனியே பலமுறை அழைத்துப் பேசினோம். திருமண வாக்குறுதியை நினைவூட்டினோம். பிள்ளையின் எதிர்காலத்தைச் சுட்டிக்காட்டினோம். தலையைக் குனிந்து கேட்டார்கள், எழுந்து போனார்கள். நாம் பேசியதே மிகுதி, கேட்டது குறைவு என்பது பின்னர்தான் நமக்கு விளங்கியது.

திருப்பயணத்திற்குப் பெயர் கொடுத்தோரில் அவளும் அவள் மகளும் இருந்தனர். கணவனின் தாய் நம்மிடம் வந்து, "என் மகனையும் கூட்டிட்டுப் போங்க சாமி. சோறு தண்ணி சரியா இல்லாம இளைச்சுப் போறான்" என்றார். சரி என்றோம். இருவரிடமும் மற்றவர் வருவதைச் சொல்லவில்லை. இது சூழ்ச்சிதானே என்று கேட்பீர்களானால், ஆம் என்றே ஒப்புக்கொள்கிறோம். பேருந்தில் ஏறியவுடன் அவனைக் கண்ட அவள், இறங்குவதற்கு எழுந்தே விட்டாள். மகள் அதற்குள் சன்னலோரத்தில் இடம் பிடித்து உட்கார்ந்திருந்தாள். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டு மீண்டும் அமர்ந்தாள். நம்மை மட்டும் நாள் முழுதும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

முதலில் ஓரியூர். புனித அருளானந்தர் 1693 பிப்ரவரி 4ஆம் நாள் தலை வெட்டுண்ட இடம். அவர் உயிர் துறந்ததற்குக் காரணம் ஒரு திருமண வழக்கே என்பதை நம் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டும். மறவர் நாட்டுத் தடியத்தேவர் திருமுழுக்குப் பெற விரும்பினார். அவருக்கு மனைவியர் பலர். ஒருத்தியோடு மட்டுமே வாழ்தல் வேண்டும் என்று புனிதர் விதித்தார், தடியத்தேவரும் இசைந்தார். விலக்கப்பட்டவருள் ஒருத்தி கிழவன் சேதுபதியின் உறவினள். அவள் முறையிட, மன்னரின் சினம் மூண்டது. மணவாழ்வின் ஒருமைக்காகச் சிந்திய இரத்தம் அது. அதனாலேயே அங்குள்ள செம்மண்ணை மக்கள் பக்தியோடு அள்ளிச் செல்கின்றனர்.

அத்திருத்தலத்தில் திருப்பலி நிறைவேற்றினோம். விசுவாசிகள் மன்றாட்டின்போது பிள்ளைகளையும் சொல்லச் சொன்னோம். அந்தச் சிறுமி எழுந்து, "என் தம்பியின் ஆன்மா இளைப்பாற்றிக்காக" என்றாள். பெண்கள் பக்கத்தில் தாய் அசையாது நின்றாள். ஆண்கள் பக்கத்தில், கடைசி வரிசையில் நின்ற தகப்பன் வெளியே போய்விட்டான். நாம் தவறு செய்துவிட்டோமோ என்ற அச்சம் அப்போதுதான் நம்மைப் பற்றியது.

ஓரியூரிலிருந்து தேவிபட்டினம், இராமநாதபுரம் வழியாகத் தெற்கே வந்து, பின் கிழக்கே திரும்பினோம். மண்டபத்திற்கு முன்பு வருவது வேதாளை. 1549ஆம் ஆண்டு, முத்துக்குளித்துறை மக்களைக் காக்க நின்ற இயேசு சபைக் குரு அந்தோணி கிரிமினாலி ஈட்டிகளுக்கு இரையான ஊர். பேருந்தை நிறுத்தி ஒரு செபம் சொன்னோம்.

மாலை வெயிலில் பாம்பனைக் கடந்தோம். சாலைப் பாலம் 1988இல் திறக்கப்பட்டது. அதன்மேல் நின்று பார்த்தபோது, 1914இல் திறந்த பழைய இரயில் பாலம் கடலோடு கடலாகத் தாழ்ந்து கிடப்பது தெரிந்தது. 2022 டிசம்பரோடு அதில் இரயில் ஓட்டம் நின்றுவிட்டது. அருகே எழுந்த புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டுள்ளது. 1964 புயல் அந்தப் பழைய பாலத்தைச் சிதைத்தபோது, பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் அதைச் செப்பனிட்டனர். கடலுக்குள் விழுந்து கிடந்த இரும்புத் தூலங்களையே தேடியெடுத்து மீண்டும் பொருத்தினர் என்பதைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொன்னோம்.

தீவுக்குள் நுழைந்தால் அக்காள்மடம், தங்கச்சிமடம் என்று அடுத்தடுத்து இரண்டு ஊர்கள். சேதுவுக்குக் கால்நடையாய் வந்த யாத்திரிகர் தங்கும் மடங்கள் இருந்தமையால் அப்பெயர்கள் வந்தன. சேதுபதி மன்னர் ஒருவரின் புதல்வியர் இருவர், தங்கள் கணவன் மன்னரின் தண்டனைக்கு ஆளாகி மடிய, அவனுக்குப் பின் தீயில் புகுந்தனர் என்றும், அக்காள் நினைவாக ஒரு மடமும் தங்கை நினைவாக ஒரு மடமும் எழுந்தன என்றும் வழிவழியாகச் சொல்லுவர். துயரப்பட்ட பெண்களின் பெயரால் வழிப்போக்கர்க்கு நிழல் தந்த ஊர்கள் அவை. இன்று தங்கச்சிமடத்தில் நம் கத்தோலிக்க மீனவ மக்கள் திரளாக வாழ்கின்றனர்.

நாம் தங்கிய விடுதி வடகரையில், அலையோசை கேட்கும் தொலைவில் இருந்த ஒரு பழைய கட்டடம். நீண்ட தாழ்வாரம், மரச் சன்னல்கள், பின்புறம் ஒரு கிணறு, அதற்கப்பால் தென்னைகள். இரவு உணவு முடிந்ததும் காவலாளிப் பெரியவர் பெண்களிடம், "ராத்திரி கதவு தட்டுற சத்தம் கேட்டா யாரும் திறக்காதீங்க. அழுகைச் சத்தம் கேட்டா வெளியே வராதீங்க" என்றார். ஏன் என்று கேட்டனர். 64 புயலில் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒரு தாய், அவர்களைத் தேடித் தேடி இங்கேயே செத்தாளாம். வாடைக் காற்று அடிக்கும் மாதங்களில் இன்றும் வந்து கதவைத் தட்டுகிறாளாம்.

நாம் சிரித்துப் பேசி அச்சத்தைத் தணிக்க முயன்றோம். செபமாலை சொல்லி, எல்லோரையும் படுக்க அனுப்பினோம்.

நள்ளிரவுக்குப் பின் தட்டும் ஓசை கேட்டது. பெண்கள் தங்கியிருந்த அறையில் ஒரே கலவரம். நாம் கைவிளக்குடன் எழுந்து சென்று பார்த்தோம். சன்னல் கொக்கி ஒன்று கழன்று, காற்றில் கதவு சுவரில் மோதிக்கொண்டிருந்தது. கயிற்றால் கட்டினோம்; ஓசை நின்றது. "இவ்வளவுதான் பேய்" என்று சொல்லி வாய் மூடவில்லை. பின்புறமிருந்து அழுகைக் குரல் எழுந்தது. அடக்கி அடக்கி, விம்மி விம்மி எழும் குரல். இம்முறை நமக்கே உடல் சிலிர்த்தது என்பதை மறைப்பானேன்?

பெண்கள் "சேசு மரி சூசை" என்று ஒருவரையொருவர் கட்டிக்கொண்டனர். அப்போது அந்தத் தாய் எழுந்தாள். பகல் முழுதும் நம்மோடு பேசாதவள், "பேயா இருந்தாலும் அது பிள்ளையைப் பறிகொடுத்தவதானே சாமி? அவளைப் பார்த்து எனக்கு என்ன பயம்?" என்றாள். கதவைத் திறந்துகொண்டு தாழ்வாரத்தில் இறங்கி நடந்தாள். நாம் விளக்கோடு பின்தொடர்ந்தோம். பாதி வழியில் இருளில் ஓர் இருமல் கேட்டது. அவள் சட்டென்று நின்றாள். "இது பேய் இல்ல சாமி. அவுக இருமல் எனக்குத் தெரியாதா?" என்றாள்.

கிணற்றடியில் அவன் உட்கார்ந்திருந்தான். துண்டை வாயில் திணித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். தாயைத் தேடிப் போனவள் தகப்பனைக் கண்டாள். நாம் விளக்கை அவள் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டோம். அந்த ஆண்டில் நாம் செய்த நல்ல செயல்களுள், வாய் திறவாமல் திரும்பி வந்த அதுவும் ஒன்று என்று நினைக்கிறோம்.

அவர்கள் பேசியதைப் பின்னர் அவர்களே சொல்லி அறிந்தோம். நெடுநேரம் நின்றபின் அவள், "அன்னிக்கு ஏன் வரல?" என்று கேட்டாளாம். மூன்றாண்டுகளாக ஊரார் எல்லோரிடமும் கேட்ட அக்கேள்வியை அவனிடம் அப்போதுதான் கேட்டாள். "பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வச்சுக்கிட்டான். கால்ல விழுந்து கேட்டேன். தரல" என்றான் அவன். "இதை ஏன் என்கிட்டச் சொல்லல?" "உன் நகையை எல்லாம் அடகு வச்சுப் போனவன், அங்கே அடிமையாக் கெடக்கேன்னு எப்படிச் சொல்லுவேன்?"

அவள் அவனருகே அமர்ந்தாள். தன் நெஞ்சில் புதைத்து வைத்திருந்ததை அவளும் சொன்னாள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது, சாதாரணக் காய்ச்சல்தானே என்று இரண்டு நாள் கைவைத்தியம் பார்த்திருந்தாள். மூன்றாம் நாள்தான் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அவன் திரும்பி வந்தால் அதைக் கேட்பானே என்ற நடுக்கம் அவளுக்கு. அவன் கேட்குமுன் தான் கோபித்துக்கொண்டால் கேள்வியே எழாது அல்லவா? அன்று வாசற்கதவு திறவாததற்குக் காரணம் வெறுப்பு மட்டுமன்று, அச்சமும்தான். அவன் அதைக் கேட்டு, "நான் இருந்திருந்தாலும் அப்படித்தானே செஞ்சிருப்பேன், புள்ள" என்றானாம். பொழுது புலரும் வரை இருவரும் அங்கேயே உட்கார்ந்து, தங்கள் மகனுக்காக முதன்முறையாகச் சேர்ந்து அழுதனர்.

காலையில் தனுஷ்கோடி சென்றோம். ஒரு காலத்தில் துறைமுகமும் இரயில் நிலையமும் தபால் நிலையமும் இருந்த ஊர். இங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடிற்று. 1964 டிசம்பர் 22ஆம் நாள் நள்ளிரவில் கடல் ஏறிவந்து ஊரை விழுங்கியது. பாம்பனிலிருந்து புறப்பட்ட இரயில் ஊரை நெருங்குகையில் நூற்றுக்கு மேற்பட்ட பயணிகளோடு அலைக்குள் மறைந்தது. மனிதர் குடியிருக்கத் தகாத இடமென்று பின்னர் அரசு அறிவித்தது. ஆயினும் மீனவக் குடும்பங்கள் சில அங்கே குடிசையிட்டு வாழ்கின்றன. பவளப்பாறைக் கற்களால் கட்டிய தேவாலயத்தின் சுவர்கள் கூரையின்றி நிற்கின்றன. பீடம் இருந்த இடத்தில் நின்று, புயலில் இறந்தோர் அனைவருக்காகவும் மன்றாடினோம். அந்தத் தாய் மெழுகுதிரி ஒன்றைக் கொளுத்தினாள். காற்று அணைத்தது. மீண்டும் கொளுத்தினாள், அவன் இரு கைகளாலும் சுற்றி மறைத்துக்கொண்டான். திரி நின்று எரிந்தது. மகள் அவர்கள் நடுவே வந்து நின்றாள். பங்கு மக்களுள் கண் கலங்காதார் இல்லை.

அங்கிருந்து அரிச்சல்முனை. 2017இல் சாலை திறந்தபின் பேருந்தே அங்கு செல்கிறது. இங்கே இரு கடல்கள் கூடுகின்றன. வடக்கே உள்ளதைப் பெண்கடல் என்றும், தெற்கே உள்ளதை ஆண்கடல் என்றும் மீனவர் அழைப்பர். பெண்கடல் அமைதியானது, ஆண்கடல் சீற்றமுள்ளது என்பது வழக்கு. ஆனால் அன்று நாம் கண்டதோ, வடக்கே பொங்கும் அலை. தெற்கே குளம்போல் நீர். வலை உலர்த்திக்கொண்டிருந்த முதியவரிடம் காரணம் கேட்டோம். "இது வாடைக் காத்து மாசம் சாமி, பெண்கடலுக்குக் கோபம். ஆனி ஆடியில வந்து பாருங்க, இது தூங்கும், அது குதிக்கும். ரெண்டும் மாறி மாறித்தான். ஒண்ணு கொந்தளிக்கும்போது மத்தது சும்மா இருக்கிறதாலதான் நாங்க தொழில் செய்ய முடியுது" என்றார்.

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதை நாம் கண்டோம்.

அன்றே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். ஊர் திரும்பியதும் அவள் தாய் வீட்டுக்கே சென்றாள். தவக்காலத்தில் மாமியாரைப் பார்க்க ஒருமுறை வந்தாள். பிறகு இருமுறை வந்தாள். உயிர்ப்புப் பெருவிழாத் திருப்பலிக்கு மூவரும் ஒன்றாக வந்தனர். இன்றும் அவ்வப்போது சண்டை உண்டு என்று சிரித்துக்கொண்டே சொல்கின்றனர்.

அன்பார்ந்தவர்களே, பேய் உண்டா இல்லையா என்று நம்மிடம் கேட்போர் பலர். பூட்டிய அறைகளில் தனித்தனியே அழுகிற கணவன் மனைவியர் உண்டு என்பதை நாம் அறிவோம். அந்த அழுகையைச் சுவருக்கு அப்பாலிருந்து கேட்கிறவர்க்கு அது கோபமாகவும் பகையாகவும் ஒலிக்கிறது. அஞ்சிக் கதவை அடைத்துக்கொள்கின்றனர். உங்கள் இல்லத்தில் இன்றிரவு அத்தகைய ஓசை கேட்குமாயின், தயவுசெய்து கதவைத் திறந்து வெளியே வாருங்கள். அந்த இருமல் யாருடையது என்பது உங்களுக்குத் தெரியும்.