கடைசி மூன்று அடி

எச்-4 விசாவில் அமெரிக்காவுக்குப் போகும் மனைவிக்குக் கிடைப்பது கணவரோடு இருக்கும் அனுமதி மட்டும். சம்பளத்துக்கு வேலை செய்யக்கூடாது. 2015 மே மாதத்திலிருந்துதான் இவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை அனுமதி கிடைக்க ஆரம்பித்தது. அதற்கும் துணைவரின் கிரீன் கார்டு மனு ஒரு கட்டத்தைத் தாண்டியிருக்க வேண்டும். நான் போனது 1993இல். நியூஜெர்சி மாநிலத்தில் எடிசன் என்ற ஊர், இரண்டாவது மாடி, ஒரு படுக்கையறை வீடு. மதுரையில் கணிதம் படித்து, ஒரு கணினிப் பயிற்சி நிலையத்தில் இரண்டு வருடம் கோபால் மொழி சொல்லிக் கொடுத்திருந்தேன். அந்த இரண்டு வருடச் சம்பளத்தில்தான் என் கல்யாணப் புடவைகளை வாங்கினோம் என்று அம்மா பெருமையாகச் சொல்வாள். எடிசனில் அந்தப் புடவைகள் ஒரு பெட்டியில் இருந்தன. சம்பளம் இல்லை.

வீட்டில் ஒரு 386 கணினி இருந்தது. கணவர் யாரிடமிருந்தோ பழையதாக வாங்கியது. கூடவே 14,400 வேகத்தில் ஓடும் மோடம், சிறிய புத்தகம் அளவுக்கு, தொலைபேசிக்குப் பக்கத்தில். அவர் வார இறுதியில் கொஞ்சம் பயன்படுத்துவார். மற்ற ஐந்து நாளும் அது என்னோடுதான் இருந்தது.

இணையம் எல்லோர் வீட்டுக்கும் வராத அந்தக் காலத்தில் பிபிஎஸ் என்று ஒன்று இருந்தது. மின்னணு அறிவிப்புப் பலகை. யாரோ ஒருவர் தன் வீட்டுக் கணினியைத் தொலைபேசி இணைப்போடு கோர்த்து விட்டிருப்பார். நம் மோடத்திலிருந்து அந்த எண்ணைச் சுழற்றினால் அங்கிருக்கும் கடிதங்களைப் படிக்கலாம், பதில் எழுதலாம், கோப்புகளை எடுக்கலாம், கொடுக்கலாம். பெரும்பாலும் ஒரு இணைப்புதான், அதனால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே போக முடியும். மற்றவர்களுக்கு பிஸி ஒலி. இதை முதலில் செய்தவர்கள் சிகாகோவில் வார்ட் கிறிஸ்டென்சனும் ரேண்டி சூஸும், 1978 பிப்ரவரியில். பதினைந்து வருடத்தில் அமெரிக்காவின் ஊர்தோறும் இப்படிப் பலகைகள் இருந்தன. கணினிக் கடைகளில் இலவசமாக வைத்திருக்கும் பத்திரிகையின் பின்பக்கத்தில் எண்கள் பட்டியலாக வரும். உள்ளூர் அழைப்புக்கு எங்களுக்குத் தனிக் கட்டணம் கிடையாது. ஊரில் தொலைபேசி இணைப்புக்கு வருடக்கணக்கில் காத்திருந்து, இரவு வரும்வரை பொறுத்து எஸ்டிடி பூத்தில் மீட்டரைப் பார்த்துக்கொண்டே பேசிய எனக்கு இது நம்ப முடியாததாக இருந்தது.

எனக்கு வேண்டியது ஒரு சி கம்பைலர். என்றைக்காவது வேலை அனுமதி வரும், அன்றைக்குக் கோபாலை மட்டும் வைத்துக்கொண்டு நிற்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். கடையில் வாங்கினால் நூறு டாலருக்கு மேல். நூறு டாலரைக் கேட்டிருந்தால் அவர் தந்திருப்பார். கேட்க வேண்டும் என்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. டிஜே டெலோரி என்பவர் 1989இல் தொடங்கிய டிஜேஜிபிபி, 386 இயந்திரத்தில் டாஸின் கீழ் ஓடும் இலவசக் கம்பைலர். பக்கத்து ஊர்ப் பலகை ஒன்றில் அதன் பகுதிகள் ஜிப் கோப்புகளாக இருந்தன. பெரியது ஒரு மெகாபைட்டுக்கு மேல். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: நொடிக்குச் சுமார் 1,600 பைட், ஒரு மெகாபைட்டுக்குப் பதினோரு நிமிடம். அந்தப் பலகையில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 60 நிமிடம். தாராளமாகப் போதும்.

போதவில்லை. மூன்று வாரம் ஒரு கோப்புகூட முழுதாக வரவில்லை. எட்டு நிமிடத்தில் அறுந்து போகும். அல்லது அறாமல் இருக்கும், ஆனால் பிழைக் கணக்கு ஏறிக்கொண்டே போகும், வேகம் பாதிக்கும் கீழே இறங்கும், அறுபது நிமிடம் முடிந்து பலகையே என்னை வெளியே தள்ளும். நாளை வா என்று அர்த்தம்.

கோப்பு எப்படி வருகிறது என்பதை இங்கே சொல்ல வேண்டும். களத்து மேட்டில் நெல் அளப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? ஒருவர் மரக்காலால் அளந்து போடுவார், முதல் மரக்காலுக்கு 'ஒன்று' என்று சொல்லாமல் 'லாபம்' என்பார், பிறகு ரெண்டு, மூணு. எதிரே ஒருவர் கணக்கு வைத்துக்கொள்வார். கணக்கு இடித்தால் அளவை நிற்கும். கிறிஸ்டென்சன் 1977இல் எழுதிய எக்ஸ்மோடம் ஏறக்குறைய இதுதான். 128 பைட்டாக அளந்து அனுப்பும். கூட்டுத்தொகை சரியாக இருந்தால் வாங்குகிற பக்கம் 'சரி' சொல்லும், இல்லாவிட்டால் 'திரும்பப் போடு' என்று கேட்கும். 1986இல் சக் ஃபோர்ஸ்பெர்க் செய்த இசட்மோடம் ஒவ்வொரு அளவைக்கும் நின்று காத்திருக்காது, கொட்டிக்கொண்டே போகும். பிழை வந்தால் மட்டும் அந்த இடத்துக்குத் திரும்பும். அதைவிட முக்கியம், பாதியில் அறுந்தால் மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனால் பாதிக் கோப்பு நம் வட்டில் இருந்தால்தானே தொடர முடியும்? நான் வைத்திருந்த மென்பொருள், அறுந்துபோன கோப்பைத் தானாகவே அழித்துவிடும்படி அமைக்கப்பட்டு வந்திருந்தது. அதை மாற்ற ஒரு தேர்வு, நான்காவது பட்டியலுக்குள் ஒளிந்திருந்தது. கண்டுபிடித்து மாற்றிய நாளிலிருந்து அறுந்தாலும் மிச்சம் தங்கியது.

ஏன் அறுகிறது என்பதற்கு விடை ஒரு நோட்டில் கிடைத்தது. அறுந்த நேரத்தை எல்லாம் எழுதி வைத்தேன். 11.05, 11.10, 11.02. பிற்பகல் என்றால் 3 மணியை ஒட்டி. அந்த நேரங்களில் என் கணவர் அலுவலகத்திலிருந்து கூப்பிடுவார். எங்கள் இணைப்பில் கால் வெயிட்டிங் இருந்தது. பேசிக்கொண்டிருக்கும்போது இன்னொரு அழைப்பு வந்தால் காதில் ஒரு 'டொக்' கேட்கும். மனிதக் காதுக்கு அது ஒரு டொக். மோடத்துக்கு அது எதிர்முனை மறைந்து போவது.

மோடம் அந்த மறைவை எவ்வளவு நேரம் பொறுக்கும் என்பதற்கு எஸ்10 என்று ஒரு பதிவேடு உண்டு. வழக்கமாக அதில் 14 இருக்கும், அதாவது 1.4 நொடி. அதை 60 ஆக்கிப் பார்த்தேன். சில நாள் தாங்கியது, பல நாள் தாங்கவில்லை. உறுதியான வழி இன்னொன்று: எண்ணைச் சுழற்றும் முன் நட்சத்திரக் குறி, 70, ஒரு காற்புள்ளி. காற்புள்ளி இருந்தால் மோடம் இரண்டு நொடி காத்திருந்துவிட்டு மேலே போகும். அந்த ஒரு அழைப்பு முடியும்வரை கால் வெயிட்டிங் இருக்காது. கூப்பிடுகிறவருக்கு பிஸி ஒலி கேட்கும்.

கூப்பிடுகிறவர் என்றால் அவர்.

அவர் கெட்டவர் அல்ல என்று எழுத வேண்டியிருப்பதே எனக்குச் சலிப்பாக இருக்கிறது. பெண் தன் வீட்டைப் பற்றி எழுதினால் இந்த வாக்கியத்தை வரிபோலக் கட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். 'சாப்டியா, என்ன பண்ற' என்று கேட்கத்தான் கூப்பிடுவார். அன்புதான். ஆனால் அந்த அன்புக்கு ஒவ்வொரு நாளும் நான் மூன்றாவது மணிக்குள் எடுப்பேன் என்ற உறுதி தேவைப்பட்டது. எடுக்காவிட்டால் கடைக்குப் போயிருந்தேனா, தூங்கினேனா என்று மாலையில் விளக்கம் சொல்ல வேண்டும். பிஸியாக இருப்பது அதற்கும் மேலே. அந்த ஊரில் எனக்குப் பேச யார் இருக்கிறார்கள்?

நட்சத்திரம் 70 போட்ட முதல் நாள் மாலை அவர் ஷூவைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டார்: "ஒரு மணி நேரமா பிஸி. யார்கிட்ட பேசிட்டிருந்த?"

"யார்கிட்டயும் இல்லீங்க. ஃபைல் இறக்கிட்டிருந்தேன்."

"அதுக்கு எதுக்கு லைனை அடைக்கணும்? அவசரம்னா நான் என்ன பண்றது?"

நியாயமான கேள்விதான். என் அவசரத்தைப் பற்றி அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை என்பது மட்டும் குறை. பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை லைன் கிடைக்காது, அதற்கு முன்னோ பின்னோ கூப்பிடுங்கள் என்று சொன்னேன். சொல்லிவிட்டு உப்புமா கிளறப் போனேன். ஒரு வாரம் அவர் சரியாகப் பேசவில்லை. ஒரு வாரமும் பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை லைன் கிடைக்கவில்லை.

லைன் அறுவது நின்றது. பிழைக் கணக்கு நிற்கவில்லை. பலகையின் தொழில்நுட்பப் பகுதியில் என் முழுப் பெயரோடு கேள்வி எழுதினேன். இரண்டு பதில் வந்தது. ஒன்று, தொலைபேசிக் கம்பியில் இரைச்சல், கம்பெனியைக் கூப்பிடுங்கள். இன்னொன்று, உங்கள் கணவரை மோடம் அமைப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். இதே பலகையில் நான் சேர்ந்தபோது, விவரம் சரிபார்க்க அதை நடத்துகிறவர் வீட்டுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டிருந்தார். என் குரலைக் கேட்டதும், கணக்கு வைத்திருப்பவரிடம் கொடுக்க முடியுமா என்று கேட்டார். நான்தான் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

இரைச்சல் என்ற பதிலை நான் நம்பவில்லை. இணைப்பு கிடைத்ததும் திரையில் வேகத்தோடு சேர்ந்து, இரண்டு மோடமும் தங்களுக்குள் பிழை திருத்திக்கொள்ள ஒப்புக்கொண்டன என்ற குறிப்பும் வந்தது. அப்படியென்றால் அவர் வீட்டு மோடத்திலிருந்து என் வீட்டு மோடம்வரை, ஊர் தாண்டி, கம்பம் தாண்டி வருவது சுத்தமாக வருகிறது. வழியில் கெட்டால் மோடமே கேட்டு வாங்கிவிடும். பிறகும் பைட் தொலைகிறது என்றால் தொலைவதற்கு ஒரே இடம்தான் மிச்சம்: மோடத்துக்கும் கணினிக்கும் நடுவில் இருக்கும் மூன்று அடி கேபிளும் அதன் முனையும். வீட்டுக்குள்.

இந்தமுறை வேறொரு பலகையில் கேட்டேன். அங்கே என் பெயரின் முதலெழுத்தையும் அப்பாவின் பெயரையும் மட்டும் போட்டிருந்தேன். அப்பாவின் பெயரால் நான் ஆணாகிவிட்டேன். அதே கேள்விக்கு ஒரே இரவில் நான்கு பதில், ஒன்றிலும் கணவர் இல்லை. உன் சீரியல் போர்ட்டில் இருக்கும் சில்லு எது என்று பார், என்றார்கள். டாஸோடு வந்த எம்எஸ்டி என்ற நிரலை ஓட்டினால் அது சொல்லும். ஓட்டினேன். 8250 என்றது.

அந்த வகைச் சில்லு ஒரே ஒரு எழுத்தைத்தான் கையில் வைத்திருக்கும். 38,400 வேகத்தில் ஒரு எழுத்துக்கும் அடுத்ததுக்கும் இடையே சுமார் 260 மைக்ரோ நொடி. அதற்குள் கணினி வந்து வாங்கிக்கொள்ளாமல் வட்டில் எழுதிக்கொண்டோ விண்டோஸில் வேறெதோ செய்துகொண்டோ இருந்தால், புதிய எழுத்து பழையதன் மேலேயே விழும். சத்தம் போடாமல் ஒன்று காணாமல் போகும். 16550ஏ என்ற சில்லில் பதினாறு எழுத்துக்கு இடம் உண்டு. ('ஏ' முக்கியம். அது இல்லாத முதல் 16550இல் அந்தத் தேக்கம் ஒழுங்காக வேலை செய்யவில்லை.) மளிகைப் பணத்தில் மிச்சம் பிடித்து, 25 டாலருக்கு ஒரு கார்டு வாங்கி, கணினியின் மூடியைத் திறந்து நானே பொருத்தினேன். மென்பொருளில் வன்பொருள் வழியான போக்குக் கட்டுப்பாட்டையும் போட்டுவிட்டேன். பெரிய கோப்பு பதினோரு நிமிடத்தில் வந்தது. பிழை: 0.

அந்தக் காலத்துப் பலகைகளைப் பற்றி இப்போது ஆண்கள் எழுதும் நினைவுகளில் ஒரு வாக்கியம் தவறாமல் வரும்: அங்கே யாரும் யாரையும் பார்க்கவில்லை, அதனால் எல்லோரும் சமம். என் அனுபவம் வேறு. பார்க்காத இடத்தில் எல்லோரையும் ஆண் என்று எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். அப்பாவின் பெயரில் கிடைத்த பதில்கள் எனக்கு உதவின. அவற்றுக்கு நன்றி எழுதியபோதும் அந்தப் பெயரில்தான் எழுதினேன். நியூயார்க்கில் ஸ்டேசி ஹார்ன் 1990இல் எக்கோ என்ற பலகையைத் தொடங்கி, பெண்கள் வர வேண்டும் என்பதற்காகவே தனி முயற்சி எடுத்தார் என்று பிற்பாடு படித்தேன். எடிசனிலிருந்து மன்ஹாட்டன் ஒரு மணி நேர ரயில். ஆனால் அந்த எண்ணைச் சுழற்றினால் நிமிடத்துக்கு நிமிடம் பில் ஏறும்.

எனக்கு வேலை அனுமதி வந்தது 1998இல். அதுவரை அந்தக் கம்பைலரில் நிறைய எழுதினேன்.

அதற்கு முன்பே எங்கள் அடுக்ககத்தில் எனக்கு ஒரு பெயர் வந்துவிட்டது, மோடம் பார்க்கிற அக்கா என்று. இரண்டு வீடுகளில் எஸ்10ஐ மாற்றிக் கொடுத்தேன், ஒரு வீட்டில் கார்டு பொருத்தினேன். கீழ்வீட்டுப் பெண், தஞ்சாவூர்ப் பக்கம், வந்து ஆறு மாதம் ஆகியிருக்கும், ஒருநாள் துணி துவைக்கும் அறையில் என்னிடம் வந்தாள். "அக்கா, லைன் பிஸின்னு காட்டுமாமே, அந்த நம்பர் என்னக்கா?" என்றாள். எந்த மோடம் என்று கேட்டேன். அவர்கள் வீட்டில் கம்ப்யூட்டரே இல்லை. தங்கச்சியோடு பேசணும், நடுவில அவர் கூப்பிட்டா வைக்க வேண்டியிருக்கு என்றாள்.

கடை ரசீதின் பின்பக்கத்தில் நட்சத்திரம் போட்டு 70 என்று எழுதினேன். ஒரு அழைப்புக்கு மட்டும்தான் செல்லும், ஒவ்வொரு தடவையும் முதலில் இதை அழுத்தணும் என்று சொன்னேன். அதையும் எழுதித் தரச் சொன்னாள்.