மாவு பூத்த அவரைக்கு எந்த மருந்து?

'அவரை இலையில் கோலமாவு தூவினாற்போல் வெள்ளை படர்கிறது, போர்டோ கலவை அடிக்கலாமா?' என்று சென்ற இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். பதிலும் வந்துவிட்டது. எங்கள் பந்தலிலும் இந்த மார்கழியில் அதே தொல்லைதான் என்பதால் நானும் எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது புதுச்சேரி நகரத்துக்குள், முதலியார்பேட்டையில். வீட்டுக்குப் பின்னால் எட்டு சென்ட். ஆடியில் விதைத்த பந்தல் அவரை. காயைப் பெரிய மார்க்கெட்டில் என் மாமியார் உட்கார்ந்து விற்கிறார். பந்தல் கம்புக்கும் கம்பிக்கும் வாங்கிய கடன், பொங்கலை ஒட்டிய நாலு நாள் வியாபாரத்தில்தான் அடைய வேண்டும். பொங்கலுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது அடி இலைகளில் வெள்ளை தெரிந்தது.

கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தேன். மாவு போல உதிர்ந்தால் சாம்பல் நோய். இலையின் அடிப்பக்கம் செங்கல் நிறத்தில் விரலில் ஒட்டினால் துரு நோய். காயில் குழிந்த கரும்புள்ளி இருந்தால் அது ஆந்த்ராக்னோஸ். மூன்றும் பூஞ்சணம்தான், ஆனால் குணம் வேறு. பின்னவை இரண்டும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இலை நனைந்தே கிடந்தால் பரவும். சாம்பல் நோய்க்கு இலை நனையவே வேண்டாம். மழை விட்டு, பகல் காய்ந்து, இரவில் குளிரும் ஈரக்காற்றும் இருந்தால் அதற்குப் போதும். அதாவது, நம் மார்கழி!

எங்கள் ஊரை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களின் திராட்சைத் தோட்டங்களிலும் இதே பாடம்தான். அங்கே 1850 வாக்கில் சாம்பல் நோய் வந்தபோது காப்பாற்றியது கந்தகத்தூள். 1878-ல் அடிச்சாம்பல் நோய் என்கிற வேறொரு நோய் வந்தது. போர்டோ பக்கத்தில் சாலையோரத் தோட்டக்காரர்கள், வழிப்போக்கர்கள் பழம் பறிக்காமல் இருக்க மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்து வைத்திருந்தார்கள். அந்தக் கொடிகளுக்கு மட்டும் நோய் வராததை மில்லார்டே என்ற பேராசிரியர் கவனித்து 1885-ல் வெளியிட்டார். அதுதான் போர்டோ கலவை. இரண்டும் ஒரே நாட்டு மருந்து, ஆனால் ஒன்றின் வேலையை மற்றது அவ்வளவாகச் செய்யாது. மழைக்காலப் புள்ளி நோய்க்கு முன்காப்பாக போர்டோ கலவை சரி. மாவுக்குக் கந்தகம்தான்.

நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் என்று கரைத்து, வெயில் தாழ அடிக்கலாம். உச்சி வெயிலில் அடித்தால் இலை கருகும். வேப்பெண்ணெயோடு கலக்கக் கூடாது. எண்ணெய் அடித்திருந்தால் இரண்டு வாரம் பொறுங்கள்.

எங்களுக்கு இடைஞ்சல் அங்கேதான். அவரையில் இன்று காய், நாளை மறுநாளும் காய். "மருந்து வாசனையோட காய் வந்தா என் கடையில வைக்க மாட்டேன். வாங்குறவங்க முகத்துல நான்தானே முழிக்கணும்?" என்றார் அத்தை. பக்கத்தில் சிலர் சாயங்காலம் அடித்துக் காலையில் பறிக்கிறார்கள். அது எனக்கும் ஒப்பாது.

அதனால் முதலில் விற்கத் தகுந்த காயெல்லாம் பறித்தோம். மாவு பிடித்த அடி இலைகளைக் கிள்ளிக் குழியில் போட்டு மூடினோம். நெருங்கின கொடிகளை விலக்கிக் காற்று போக வழி செய்தோம். பிறகு பால். சிரிக்காதீர்கள். பிரேசிலில் பெட்டியோல் என்பவர் பூசணி வகை ஒன்றில் சாம்பல் நோய்க்குப் பசும்பாலைத் தெளித்துப் பார்த்து, நன்றாகக் கேட்டதாக 1999-ல் எழுதியிருக்கிறார். ஒரு லிட்டர் பாலுக்கு ஒன்பது லிட்டர் தண்ணீர், காலை வெயில் ஏறும்போது, வாரம் ஒருமுறை. இரண்டு தடவை அடித்தோம். மாவு ஏறிய பழைய இலை தேறவில்லை. கொழுந்தும் பூவும் தப்பின. போன வருஷத்து அளவு இல்லை என்றாலும், பொங்கல் காய் கடைக்குப் போனது. கடனில் கொஞ்சம் மாசிக்கு நிற்கிறது.

பொங்கல் முடிந்ததும் காயை ஒட்டப் பறித்துவிட்டுக் கந்தகம் அடித்தோம். டப்பாவில் போட்டிருந்த நாள் கணக்கு முடியும்வரை பந்தல் பக்கம் கூடையை எடுக்கவில்லை.

நோய் வந்த கொடியில் விதை எடுக்கலாமா என்பது அடுத்த சந்தேகமாக இருக்கும். சாம்பல் நோய் விதை வழியாக வருவதில்லை. நன்றாக முற்றிய காயாக இருந்தால் தாராளமாக எடுக்கலாம். கரும்புள்ளி விழுந்த காயில் மட்டும் எடுக்காதீர்கள், அந்தப் பூஞ்சணம் விதைக்குள்ளேயே தங்கி அடுத்த ஆடியில் கூடவே முளைத்து வரும்.