அமரனும் ஒரு போன் நம்பரும்

அமரன் பார்க்காதவங்க இந்நேரம் யாரும் இருக்க மாட்டீங்கன்னு நம்பி எழுதறேன். 2024 தீபாவளிக்கு வந்த படம். அதனால இது விமர்சனம் இல்லை, பயப்படாதீங்க. சாய் பல்லவி எங்க நீலகிரிப் பொண்ணு, கோத்தகிரி, அதனால நடிப்பைப் பத்தி நான் நடுநிலையா பேசவும் முடியாது :)

நிஜக் கதை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் சந்திச்சாங்க. அவர் முகுந்த் வரதராஜன், தமிழர். அவங்க இந்து ரெபேக்கா வர்கீஸ், மலையாளி, கிறிஸ்தவர். வீட்டு எதிர்ப்பையெல்லாம் தாண்டி 2009-ல் கல்யாணம். 2014 ஏப்ரல் 25, காஷ்மீர் ஷோபியான்ல நடந்த மோதலில் மேஜர் முகுந்த் இறந்தார். வயசு 31. சிப்பாய் விக்ரம் சிங்கும் அன்னிக்கு இறந்தார்.

இயக்குநர் ராஜ்குமார் பெரியசாமி இதை இந்துவோட நினைவுகளா சொல்லியிருக்கார். அங்கதான் எனக்கு ஒரு முள். கணவர் போன சமயத்துல இந்து டிவியில் பேசினப்போ, நாடு பார்க்க வேண்டியது முகுந்த் எப்படிப்பட்ட மனுஷன்ங்கறதைத்தான், என் சோகத்தை இல்லைங்கற மாதிரி சொன்னாங்க. படத்துக்காக அவங்க கேட்டதும் ஒண்ணே ஒண்ணு, முகுந்தா நடிக்கறவர் தமிழரா இருக்கணும். ஆனா தியேட்டர்ல நாம என்ன பார்த்தோம்? கடைசி அரை மணி நேரம் அவங்க சோகத்தைத்தான் பார்த்தோம். நானும் தேம்பித் தேம்பி அழுதேன் (பக்கத்து சீட் அங்கிள் கர்சீப் நீட்டினார்). அவங்க மறைச்சு வெச்ச அழுகையை நாம டிக்கெட் வாங்கிப் பார்த்துட்டு வந்திருக்கோம்.

நிஜத்துக்கும் படத்துக்கும் நடுவுல இருக்கற கோடு சில பேருக்கு அழிஞ்சே போயிடுது. படத்துல சாய் பல்லவி போன் நம்பரை எழுதி ஒரு தாளைத் தூக்கிப் போடுவாங்க இல்லையா? அந்த நம்பர் சென்னையில ஒரு இன்ஜினியரிங் மாணவரோடது. ராத்திரி பகலா போன், பாவம் அந்தப் பையன் வக்கீல் நோட்டீஸ் அனுப்பி 1.1 கோடி ரூபாய் கேட்டார். அப்புறம்தான் நம்பரை மறைச்சாங்க. எங்க ஆபீஸ்ல டெஸ்ட் டேட்டாவுல நிஜ நம்பர் போட்டா டீம் லீடர் தோலை உரிச்சுடுவார். அது போகட்டும், போன் பண்ணவங்களை நினைச்சுப் பாருங்க. எடுத்தா என்ன பேசறதா இருந்தாங்க?

டிசம்பர்ல நெட்ஃப்ளிக்ஸ்ல வந்ததும் இறக்கி வெச்சுக்கிட்டு ஊருக்குப் போனேன். கூடலூர்ல இருந்து தெப்பக்காடு பக்கம்தான், சாயங்காலம் யானை முகாமுக்குப் போனேன். ராகிக் களி உருட்டி யானைக்குக் கொடுத்துட்டு இருந்தாங்க. பொம்மன், பெள்ளி தம்பதி ரகு, அம்முன்னு ரெண்டு குட்டி யானைகளை வளர்த்ததைக் காட்டின ஆவணப்படம் 2023-ல் ஆஸ்கர் வாங்கினது ஞாபகம் இருக்கும். அந்த வருஷமே பெள்ளிக்கு அரசு காவடி வேலை கொடுத்தது. ஒரு குடும்பம் வந்து, "அண்ணா, ஆஸ்கர் அம்மா எங்க? ஒரு செல்ஃபி எடுக்கணும்"னாங்க. பாகன் தலையைக் கூட நிமிர்த்தல. "வேலையில இருப்பாங்க"ன்னார். அவ்வளவுதான். ஆறடி தள்ளி யானை நிக்குது, அதை யாரும் பார்க்கல.

அன்னிக்கு ராத்திரி படத்தை மறுபடி போட்டு, பாதியில நிறுத்திட்டு, யூடியூபில் 2015 ஜனவரி 26 அணிவகுப்பைத் தேடினேன். பிரணாப் முகர்ஜி கொடுக்க, ஒபாமா விருந்தினரா உட்கார்ந்திருக்க, இந்து அசோக சக்ரா வாங்கறாங்க. நேரா நிமிர்ந்து நிக்கறாங்க. கண்ணுல ஒரு சொட்டு இல்லை. பின்னணி இசை கிடையாது.

அதே காலையில அசோக சக்ரா வாங்க இன்னொரு மனைவியும் வர்றாங்க. 2014 ஆகஸ்ட்ல குப்வாராவில் இறந்த நாயக் நீரஜ் குமார் சிங்கோட மனைவி. தேடிப் பார்க்கறவங்க அந்த இடத்துல வீடியோவைத் தள்ளி விடாம பாருங்க.