ஊரில்லாத ஓர் ஆட்டம்

2006 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தின் முதலாவது ஞாயிற்றுக்கிழமை இரவு. கொழும்பில் நான் பணியாற்றிய நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் ஆறு அங்குல இடம் நிரப்பப்படாமல் இருந்தது. செய்தி நிறுவனம் அனுப்பியவற்றைப் புரட்டிக்கொண்டிருந்தபோது டப்ளினிலிருந்து ஒரு செய்தி கண்ணில் பட்டது. அயர்லாந்தும் அவுஸ்திரேலியாவும் ஆடிய ஏதோவொரு பந்தாட்டத்தில் ஆரம்பத்திலேயே இரு தரப்பு வீரர்களும் கைகலந்திருந்தார்கள். கிரஹம் கெராட்டி என்ற அயர்லாந்து வீரர் மோதலொன்றில் நினைவிழந்து வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டிருந்தார். அது என்ன ஆட்டம் என்பது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்துகொள்ள நேரமும் இருக்கவில்லை. அடிதடியை முதற் பந்தியில் வைத்தேன். யார் வென்றார்கள் என்பதைக் கடைசி வரியில் வைத்தேன். இடம் போதாமற் போனபோது அந்தக் கடைசி வரியையே வெட்டினேன்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 2008 இல், அதே இரு நாடுகளும் அவுஸ்திரேலியாவில் மீண்டும் ஆடின. பேர்த் நகரில் அயர்லாந்து 45-44 என ஒரேயொரு புள்ளியால் வென்றது. மெல்பேர்ணில் 57-53. முன்னைய ஆண்டுகளின் முரட்டுத்தனம் அடங்கி, இறுதி நிமிடம் வரை முடிவு தெரியாமல் நடந்த தொடர் அது. அதைப் பற்றி எங்கள் பத்திரிகையில் ஒரு வரிகூட வரவில்லை. அக்காலத்தில் எங்கள் பக்கங்களை நிரப்ப வேறு துயரங்கள் இருந்தன என்பது உண்மை. ஆனால் அந்தக் காரணம் 2006 இற்கும் பொருந்தும் அல்லவா? அன்று இடம் கிடைத்தது, ஏனெனில் அன்று இரத்தம் இருந்தது.

இந்த ஆட்டத்தை நான் நேரிற் பார்த்தது 2011 ஒக்டோபரில். மெல்பேர்ணில் வாழும் தங்கையின் வீட்டுக்குச் சென்றிருந்தேன். அவளுடைய மகனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அந்த நகரத்துப் பிள்ளைகள் அனைவரையும் போல ‘ஃபுட்டி’ எனப்படும் அவுஸ்திரேலிய விதி உதைபந்தாட்டத்தில் ஊறியவன். மாமனுக்கு ஓர் ஆட்டம் காட்டவேண்டும் என்று நின்றான். ஆனால் ஃபுட்டிப் பருவம் முடிந்துவிட்டிருந்தது. கிடைத்தது அயர்லாந்துடனான இந்தக் கலப்பு ஆட்டந்தான். ஐம்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் அமரக்கூடிய அரங்கில் பாதிக்கு மேல் வெறும் இருக்கைகள். அயர்லாந்து 80-36 என்று நொறுக்கித் தள்ளியது. மருமகன் இடைவேளையிலேயே சலித்துப்போனான். “பள்ளிக்கூடத்திலை ஆர் மாமா இதை விளையாடுறது?” என்று கேட்டான். நான் சிரித்துச் சமாளித்தேன். இத்தொடரின் எதிர்காலம் பற்றிப் பின்னர் வாசித்த கட்டுரைகள் எதுவும் அந்தக் கேள்வியைவிடத் தெளிவாக விடயத்தைத் தொட்டதில்லை.

விளங்கிக்கொள்வதற்குச் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும். அவுஸ்திரேலிய விதி உதைபந்தாட்டத்தின் விதிகள் 1859 இல் மெல்பேர்ணில் எழுதப்பட்டவை. நீள்வட்டப் பந்து, நீள்வட்ட மைதானம். கேலிக் உதைபந்தாட்டம் அயர்லாந்து மக்களின் ஆட்டம். 1884 இல் தோன்றிய கேலிக் விளையாட்டுச் சங்கமே அதற்கு ஒழுங்கான விதிகளைத் தந்தது. உருண்டைப் பந்து, செவ்வக மைதானம், வலையுடன் கூடிய ‘எச்’ வடிவக் கம்பம். இரண்டிலும் பந்தைக் கையால் எடுக்கலாம், காலால் உதைக்கலாம், கையால் தட்டிக் கொடுக்கலாம். ஐரிஷ் குடியேறிகளே தம் ஆட்டத்தை அவுஸ்திரேலியாவுக்குக் கொண்டுசென்றார்கள் என்று சிலர் சொல்வதுண்டு. எழுதப்பட்ட விதிகளின் வயதைப் பார்த்தால் அவுஸ்திரேலிய ஆட்டமே மூத்தது. உறவு எதுவாயினும், முகச்சாயல் ஒன்றுபோல இருப்பதை மறுக்க முடியாது.

அந்தச் சாயலைக் கண்டு 1967 இல் ஹரி பெயிட்சல் என்ற அவுஸ்திரேலிய நடுவரும் ஒலிபரப்பாளருமானவர் ஓர் அணியை அயர்லாந்துக்கு அழைத்துச் சென்றார். அந்த ஆண்டின் அகில அயர்லாந்துச் சம்பியனான மீத் மாவட்ட அணியுடன் அவர்கள் ஆடினார்கள். மறு ஆண்டு மீத் அணி அவுஸ்திரேலியா சென்றது. அதிகாரபூர்வமான முதற் தொடர் 1984 இல், கேலிக் சங்கத்தின் நூற்றாண்டிலே நடந்தது. பந்து ஐரிஷ் பந்து. கழுத்துக்குக் கீழே பிடித்து வீழ்த்தும் உரிமை அவுஸ்திரேலியாவினுடையது. உதைக்கப்பட்ட பந்தை நிலத்தில் விழாமற் பிடித்தால் தடையின்றி உதைக்கும் ‘மார்க்’ உரிமையும் அவ்வாறே. வலைக்குள் புகுந்தால் 6 புள்ளிகள், குறுக்குக் கம்பத்துக்கு மேலாற் சென்றால் 3, வெளிக் கம்பங்களுக்கிடையே சென்றால் 1. ஒருவர் விட்டுக்கொடுக்க மற்றவரும் விட்டுக்கொடுத்து உருவாக்கிய உடன்படிக்கை இது.

1990 இற்குப் பின் நின்றுபோன தொடர் 1998 இல் மீண்டும் தொடங்கியது. 1999 இல் மெல்பேர்ண் கிறிக்கெட் மைதானத்தில் 64,326 பேர் கூடினார்கள். 2005 தொடர் வன்முறையால் கெட்டது. மறு ஆண்டு, நான் கடைசி வரியை வெட்டிய அந்த ஆட்டத்துக்கு, டப்ளினின் குறோக் பார்க்கில் 82,127 பேர் வந்திருந்தார்கள். இத்தொடரின் வரலாற்றில் அதுவே மிகப் பெரிய கூட்டம். அயர்லாந்து முகாமையாளர் ஷோன் பொய்லன் முதற் கால்பகுதிக்குப் பின் அணியை வெளியே அழைத்துச் செல்லவும் யோசித்தார். 2007 தொடர் கைவிடப்பட்டது.

இதில் ஒரு கசப்பான கணக்கு இருக்கிறது. சண்டை நடந்த மறு ஆண்டு கூட்டம் அதிகரித்தது. சண்டையை அடக்க விதிகளை இறுக்கிய பின் கூட்டம் குறைந்தது. இரு தரப்பு நிர்வாகிகளும் வன்முறையைக் கண்டித்தார்கள், அது நியாயமே. ஆனால் வன்முறை இல்லாதபோது பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு அவர்களிடம் விடை இருக்கவில்லை. அந்தப் பழக்கத்தை மக்களுக்கு ஊட்டியவர்களில் பத்திரிகைக்காரர்களும் அடக்கம். டப்ளினிலிருந்தும் மெல்பேர்ணிலிருந்தும் ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால், ஆறு அங்குல இடத்துடன் அமர்ந்திருந்த நானும் அடக்கம்.

ஆயினும் எல்லாப் பழியையும் அடிதடியின் மீது போட முடியாது. ஆழமான காரணம் வேறு. அவுஸ்திரேலிய வீரர் ஊதியம் பெறும் தொழில்முறை வீரர். நீண்ட பருவம் முடிந்து உடல் களைத்திருக்கும் ஒக்டோபர், நவம்பரில்தான் இந்தத் தொடர் வரும். அவருடைய கழகம், காயம் வந்துவிடுமோ என்று அஞ்சும். அயர்லாந்து வீரரோ ஊதியமற்றவர். ஆசிரியராகவோ விவசாயியாகவோ வங்கி ஊழியராகவோ வேலை பார்த்துக்கொண்டு மாலையில் பயிற்சிக்குப் போகிறவர். பிறந்த மாவட்டத்துக்காக ஆடுவதே அவருடைய வாழ்நாள் கௌரவம். கேலிக் உதைபந்தாட்டத்தை வேறெந்த நாடும் அந்தத் தரத்தில் ஆடாததால், நாட்டின் சட்டையை அணிந்து களமிறங்க அவருக்கு இருந்த ஒரே வாய்ப்பு இந்தக் கலப்புத் தொடர்தான். ஒருவருக்கு அது விடுமுறைப் பயணம். மற்றவருக்கு அது தேசம். அப்படிப்பட்ட இருவர் ஒரே மைதானத்தில் நிற்கும்போது நிறைதராசு சமமாக நிற்பது கடினம்.

2013 இல் அவுஸ்திரேலியா பூர்வகுடி வீரர்களை மட்டுமே கொண்ட அணியொன்றை அனுப்பியது. எண்ணம் அழகானது. ஆனால் இரண்டு ஆட்டங்களின் மொத்தப் புள்ளிகள் 173-72 என அயர்லாந்தின் பக்கம் சாய்ந்தன. அடுத்த ஆண்டு தமது தேர்ந்த வீரர்களைத் திரட்டி, பேர்த்தில் ஒரேயொரு ஆட்டம் நடத்தி அவுஸ்திரேலியா 56-46 என வென்றது. 2015 இல் டப்ளினில் அயர்லாந்து 56-52. 2017 நவம்பரில் அடிலெய்டிலும் பேர்த்திலும் ஆடி, மொத்தம் 116-103 என அவுஸ்திரேலியா வென்றது. 2020 இற்குத் திட்டமிடப்பட்ட தொடரைப் பெருந்தொற்று விழுங்கியது. 2024 முடியும் வரை வேறொரு தொடர் நடக்கவில்லை. மீண்டும் தொடங்குவோம் என்ற பேச்சு மட்டும் அடிக்கடி எழுந்து அடங்கிற்று.

வெற்றிக் கிண்ணத்துக்கு கோர்மக் மக்கனலன் என்பவரின் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. டிரோன் மாவட்ட அணித்தலைவராக இருந்து, 2004 மார்ச்சில், 24 ஆவது வயதில் இதய நோயால் திடீரென இறந்தவர். சிறந்த அவுஸ்திரேலிய வீரருக்கான பதக்கம் ஜிம் ஸ்டைன்ஸின் பெயரில் உள்ளது. டப்ளின் பையனாக மெல்பேர்ணுக்குப் போய், புதிய ஆட்டத்தை அடியிலிருந்து கற்று, 1991 இல் அந்நாட்டின் மிக உயர்ந்த வீரர் விருதான பிரவுன்லோ பதக்கத்தை வென்றவர். தொடர்ச்சியாக 244 ஆட்டங்களில் ஆடியவர். 2012 இல் புற்றுநோயால் இறந்தார். புலம்பெயர்ந்து சென்ற இடத்தில் வேர்விடுவது என்றால் என்னவென்று எங்களவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஸ்டைன்ஸின் கதையை நான் தங்கையின் கணவரிடமிருந்துதான் முதலிற் கேட்டேன். சொந்த ஊர்க்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார்.

இங்கேதான் மருமகனின் கேள்விக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. எங்கள் சிறுபராயத்தில் கிளித்தட்டு ஆடுவோம். எங்கள் ஊரில் ஒரு விதி, வயல்வெளிக்கு அப்பாலிருந்த அயலூரில் இன்னொரு விதி. கிளி எந்தக் கோட்டில் ஓடலாம், உப்பு வந்த பின் ஆட்டம் எப்படித் தொடரவேண்டும் என்பவற்றில் ஓயாத தகராறு. கோயில் திருவிழாக் காலத்தில் இரு ஊரும் மோதும்போது பெரியவர் ஒருவர் இருந்து பாதி அவர்கள் விதி, பாதி எங்கள் விதி என்று தீர்த்து வைப்பார். அந்தக் கலப்பு விதியில் ஆடிய ஆட்டங்கள்தான் எனக்கு இன்றும் நினைவிலிருக்கின்றன. ஆனால் திருவிழா முடிந்த மறுநாள் நாங்கள் எங்கள் விதிக்கே திரும்பிவிடுவோம். கலப்பு விதியில் எந்தப் பிள்ளையும் பழகவில்லை. பெரியவர் காலமான பின் அந்த ஆட்டமும் இல்லாமற் போயிற்று.

அயர்லாந்து-அவுஸ்திரேலிய ஆட்டத்தின் நிலையும் அதுவே. எந்தத் தெருவிலும் எந்தப் பள்ளியிலும் அது ஆடப்படுவதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, இரண்டு வாரங்களுக்கு மட்டும் அது உயிர்பெறும். அப்படியான ஒன்றுக்கு எண்பதினாயிரம் பேர் வருவதையே அளவுகோலாக வைத்தால், அது எப்போதும் தோற்றதாகவே தெரியும்.

அப்படியானால் எதிர்காலம் இல்லையா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அயர்லாந்தின் ஹேர்லிங் ஆட்டமும் ஸ்கொட்லாந்தின் ஷின்ரி ஆட்டமும் இதேபோன்ற உறவினர்கள். அவ்விரு நாடுகளும் கலப்பு விதியில் நெடுங்காலமாக ஆடிவருகின்றன. சிறிய மைதானம், சிறிய கூட்டம், பெரிய விளம்பரம் எதுவுமில்லை. பெரிதாக வளராததாலேயே அது பிழைத்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

இன்னொரு வழி பெண்களிடம் இருக்கிறது. 2006 இலேயே பெண்களுக்கான தொடரொன்று அயர்லாந்தில் நடந்தது. அயர்லாந்துப் பெண்கள் மிக இலகுவாக வென்றார்கள், ஏனெனில் அவுஸ்திரேலியாவில் அப்போது பெண்களுக்குத் தேசிய லீக் இருக்கவில்லை. 2017 இல் அந்த லீக் தொடங்கியது. மறு ஆண்டே மயோ மாவட்டத்தின் கோரா ஸ்டோன்டன் அங்கு ஆடப்போனார். 2024 அளவில் முப்பதுக்கும் மேற்பட்ட அயர்லாந்துப் பெண்கள் அங்கே ஆடினார்கள். இரண்டு ஆட்டங்களையும் உடம்பால் அறிந்த ஒரு தலைமுறை முதன்முறையாக உருவாகியிருக்கிறது. ஆண்களின் தொடருக்கு இல்லாதுபோன அந்த அடித்தளம் இவர்களிடம் இருக்கிறது. தொடரை மீட்க விரும்புவோர் இவர்களிடமிருந்து தொடங்குவதே புத்தி.

மருமகனுக்கு இப்போது இருபத்தைந்து வயதுக்கு மேலாகிறது. சென்ற முறை தொலைபேசியிற் பேசியபோது அந்த ஆட்டம் நினைவிருக்கிறதா என்று கேட்டேன். யார் வென்றது என்பது அவனுக்கு நினைவில்லை. ஆட்டம் முடிந்தபின் தோற்றவர்களும் வென்றவர்களும் மைதான நடுவில் நெடுநேரம் சட்டைகளை மாற்றிக்கொண்டு பேசிநின்றது நினைவிருக்கிறது என்றான். எனக்கும் அது நினைவிருந்தது. கொழும்புக்குத் திரும்பிய பின் அந்த ஆட்டத்தைப் பற்றி எழுத வேண்டுமென்று குறிப்பெடுத்து வைத்திருந்தேன். இடம் கிடைக்கும்போது எழுதலாம் என்று எண்ணி, எழுதாமலே விட்டேன். இப்போது இடத்துக்குக் குறைவில்லை. 2006 இல் நான் வெட்டிய அந்த வரியை இங்கே சேர்த்துவிடுகிறேன்: அன்று அவுஸ்திரேலியா 69-31 என்ற புள்ளிகளில் வென்றது.